பேசத் தெரியாத பிள்ளையிடம் என்ன பேசுவது? வேலூர்ப் பக்கத்துத் தாய்மார்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காட்பாடியை ஒட்டிய ஒரு கிராமத்து அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். குழந்தைகளுக்கு எடை போடும் நாளிலும், புதன்கிழமை தடுப்பூசிக்குத் தாய்மார்கள் கூடும்போதும், பிள்ளையின் பேச்சைப் பற்றிய சந்தேகங்கள்தான் அதிகம் வருகின்றன. கேட்பவர் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பயிற்சியில் சொல்லித் தந்ததையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். முதலிலிருந்து வரிசையாகப் படியுங்கள். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

1. பேசவே தெரியாத கொயந்தகிட்ட இன்னாத்த பேசுறது? அதுக்குப் புரியவா போகுது?

அர்த்தம் புரியாது, உண்மைதான். ஆனால் குரல் புரியும். வயிற்றில் ஆறு மாதம் முடியும்போதே குழந்தைக்குக் காது கேட்கத் தொடங்கிவிடுகிறது. 1980இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் ரப்பர் காம்பைக் கொடுத்து, ஒரு விதமாகச் சூப்பினால் அம்மாவின் குரலும் வேறு விதமாகச் சூப்பினால் வேறொரு பெண்ணின் குரலும் கேட்கும்படி வைத்தார்கள். குழந்தைகள் அம்மாவின் குரல் வருகிற மாதிரியே சூப்பின. உங்கள் குரலைக் கேட்க அது அவ்வளவு மெனக்கெடுகிறது.

முதல் ஒரு வருடம் குழந்தை பேசாமல் இருந்தாலும் சும்மா இருப்பதில்லை. எந்த ஒலிகள் இந்த வீட்டில் வருகின்றன, பேச்சு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, ஒரு வார்த்தை எங்கே முடிகிறது என்று எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறது. முதல் வார்த்தை வருவதற்கு முன்பே பெரிய வேலை முடிந்திருக்கும். கேட்கக் கிடைக்காத பிள்ளை எதைச் சேர்த்து வைக்கும்?

2. எந்த மாசத்துல இருந்து பேசணும்?

பிறந்த அன்றிலிருந்து. நாள் பார்க்க வேண்டாம்.

சுமாராக இந்த வரிசையில் பதில் வரும்: இரண்டு, மூன்று மாதத்தில் ‘ங்கா’, ‘ஆவூ’ என்று குரல் கொடுக்கும். ஆறு மாதத்தை ஒட்டி, சில பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தள்ளி, ‘பபபப’, ‘தத்தத்த’ என்று அடுக்கும். ஒன்பது மாதத்துக்குள் பெயர் சொன்னால் திரும்பும். ஒரு வயதை ஒட்டி விரல் நீட்டிக் காட்டும், ஒன்றிரண்டு வார்த்தை வரும். இரண்டு வயதில் ஐம்பது வார்த்தையாவது தெரிந்திருக்கும், ‘அம்மா வா’, ‘பால் வேணா’ என்று இரண்டிரண்டாகச் சேர்க்கும். முன்னே பின்னே ஆவது சகஜம். எவ்வளவு பின்னே போனால் கவலைப்பட வேண்டும் என்பது 14ஆம் கேள்வியில் இருக்கிறது.

3. சரி, இன்னா பேசுறதுன்னே தோணலியே. தனியா பேசிக்கிட்டா பாக்குறவங்க சிரிப்பாங்க.

தனியாகப் பேசவில்லை, எதிரில் ஓர் ஆள் இருக்கிறது. அந்த ஆள் எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசுங்கள். புதிதாக எதையும் யோசிக்க வேண்டாம்.

முள்ளு கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள், எட்டு மாதப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். அது அரிவாள்மனையைப் பார்க்காமல் காயைப் பார்க்கிறது. ஒரு காயை எடுத்துக் காட்டி, ‘கத்தரிக்கா. கத்தரிக்கா பாத்தியா? தொடலாமா? இங்க தொடு, வழவழன்னு இருக்கு. காம்பைத் தொடாதே, முள்ளு! முள்ளு குத்தும். ஸ்ஸ்…’ என்று சொல்லிக் கையை இழுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும், காயைப் பார்க்கும், மறுபடி உங்கள் முகத்தைப் பார்க்கும். அந்தப் பார்வை போய்ப் போய் வருகிறதே, அப்போதுதான் பெயரும் பொருளும் அதன் மனதில் ஒட்டுகின்றன. நறுக்கித் தண்ணீரில் போடும்போது ‘தொபுக்’ என்று சொல்லுங்கள். நாலு நாள் கழித்துப் பாருங்கள், காயை எடுத்ததுமே அது தண்ணீரைப் பார்க்கும்.

குளிப்பாட்டும் நேரமும் அப்படித்தான். பாட்டிமார் கால் நீட்டிப் பிள்ளையைக் காலில் போட்டு, கை, கால், மூக்கு, நெற்றி என்று ஒவ்வோர் உறுப்பாகப் பேர் சொல்லித் தேய்ப்பார்கள். அதைவிட நல்ல பாடம் இல்லை. வாய் மூடிக் குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டுத் தூங்க வைத்துவிட்டால் அரை மணி நேரப் பேச்சு வீணாகிறது.

4. நான்தான் நாள் பூரா லொடலொடன்னு பேசுறேனே, அது போதாதா?

இதுதான் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன். போதாது. பேசுவது பாதி, பேசிவிட்டுக் காத்திருப்பது மீதி. பல்லாங்குழியில் நம் காயைப் போட்டுவிட்டு எதிராளி ஆட விடுவோமே, அப்படி அதன் முறைக்கு விட வேண்டும். நீங்கள் ஒன்று சொல்லிவிட்டு அதன் முகத்தைப் பார்த்து, மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். ‘ங்கா’ என்று வரும், கால் உதைக்கும், உதடு குவியும். அதுதான் பதில். அதற்கு நீங்கள் ‘ஓ, அப்படியா? அப்புறம்?’ என்று பதில் சொல்லுங்கள். கைக்குழந்தைக்குப் பதில் எடுக்க நம்மைவிட நேரமாகும். நாம் பொறுக்காமல் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறோம்.

2018இல் அமெரிக்காவில் நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வில், வீட்டில் எத்தனை வார்த்தை காதில் விழுந்தது என்பதைவிட, பெரியவரும் பிள்ளையும் எத்தனை முறை மாறி மாறிப் பேசினார்கள் என்பதுதான் மூளையின் மொழிப் பகுதி வேலை செய்யும் விதத்தோடு பொருந்தி வந்தது. நம் வீடுகளில் இது ஏற்கெனவே விளையாட்டாக இருக்கிறது. உள்ளங்கையில் முழங்கையை வைத்துப் பருப்பு கடைந்து, எல்லோருக்கும் ஒரு வாய் ஊட்டி, நண்டூறுது நரியூறுது என்று விரலை மேலே ஏற்றிக்கொண்டு போகிறோம் அல்லவா? அக்குளுக்குப் போகும் முன் முழங்கை மடிப்பில் விரலை நிறுத்திப் பாருங்கள். பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு உங்கள் கண்ணையே பார்க்கும். பிறகு ‘ஏ’ என்றோ ‘ம்’ என்றோ ஒரு சத்தம் கொடுக்கும். ‘மேலே போ’ என்று அது தன் மொழியில் சொல்கிறது. அந்தச் சத்தம் வந்த பிறகே விரல் நகர வேண்டும்.

5. ‘மம்மு’, ‘சாச்சி’ன்னு மழலையா பேசலாமா, பெரியவங்க மாதிரி தெளிவா பேசணுமா?

இரண்டும் வேண்டும். குரலை உயர்த்தி, இழுத்து, ராகமாகப் பேசும்போது கைக்குழந்தைகள் கூடுதலாகக் கவனிக்கின்றன என்பது பல நாடுகளில் பார்க்கப்பட்ட விஷயம். மம்மு, பாப்பா, டாட்டா மாதிரி இரட்டித்து வரும் சொற்கள் பிள்ளையின் காதுக்கும் வாய்க்கும் சுலபம்.

கூடவே முழு வாக்கியமும் காதில் விழட்டும். ‘மம்மு சாப்பிடலாமா? பருப்புச் சோறு சூடா இருக்கு, ஊதலாம்’ என்றால் மழலையும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது. பிள்ளை ‘தண்ணி’யைத் ‘தன்னி’ என்று சொன்னால் திருத்தித் திருப்பிச் சொல்லச் சொல்லாதீர்கள். ‘ஆமா, தண்ணி. தண்ணி வேணுமா?’ என்று நீங்கள் சரியாகச் சொன்னால் போதும்.

6. எங்களுக்கே ‘ழ’ வராது. ‘வாயப்பயம்’னுதான் சொல்லுவோம். கொயந்தைக்கும் தப்பா வந்துடாதா?

உங்கள் வீட்டுப் பேச்சு தப்பான பேச்சு இல்லை, வட ஆற்காட்டுப் பேச்சு. பிள்ளை அதைத்தான் முதலில் கற்க வேண்டும். ‘ழ’ எல்லா ஊரிலும் பிள்ளைகளுக்குக் கடைசியாக வரும் ஒலிகளில் ஒன்று. பள்ளியில் டீச்சர் சொல்லிக்கொடுக்கும்போது வரும். உச்சரிப்புக்குப் பயந்து வாயை மூடிக்கொள்வதுதான் நஷ்டம்.

7. வீட்ல தெலுங்கு, தெருவுல தமிழ். இன்னொரு வீட்ல உருது. ரெண்டு மொழி போட்டுக் குழப்பினா பேச்சு லேட்டாகாதா?

ஆகாது. இதை நான் அழுத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் சித்தூர் எல்லையை ஒட்டிய நம் ஊர்களில் தெலுங்குப் பாட்டியும், மேல்விஷாரம், பேரணாம்பட்டுப் பக்கம் உருதுப் பாட்டியும் பேரப்பிள்ளையிடம் பேசப் பயந்து போயிருக்கிறார்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. ஒரு மொழியில் பத்து வார்த்தையும் இன்னொன்றில் பத்து வார்த்தையும் தெரிந்தால், அந்தப் பிள்ளைக்கு இருபது வார்த்தை தெரியும் என்று எண்ண வேண்டும். ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலந்தாலும் பயப்பட வேண்டாம், பிறகு தானே பிரித்துக்கொள்ளும்.

சின்ன வயதில் காது எவ்வளவு திறந்திருக்கிறது என்பதற்கு கனடாவில் நடந்து 1984இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்லலாம். ஆங்கிலம் மட்டும் கேட்டு வளரும் குழந்தைகளுக்கு இந்தியின் ‘த’, ‘ட’ ஒலிகளைப் போட்டுக் காட்டினார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை வித்தியாசம் கண்டுகொண்டன. பத்து, பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் மிகச் சிலவே கண்டுகொண்டன. வீட்டில் கேட்காத ஒலியைக் காது ஒரு வயதுக்குள் ஓரங்கட்டிவிடுகிறது. அதனால் பாட்டி தெலுங்கிலேயே கதை சொல்லட்டும், நானி உருதுவிலேயே கொஞ்சட்டும், இப்போதே.

8. இங்கிலீஷ்ல பேசினாத்தானே ஸ்கூல்ல சேர்க்கும்போது ஈஸியா இருக்கும்?

உங்களுக்கு அழுகை, கோபம், கொஞ்சல் எல்லாம் எந்த மொழியில் வருகிறதோ அதில் பேசுங்கள். ‘கம் பேபி, சிட் பேபி’ என்று நாலு கட்டளைகளோடு நின்றுபோகும் ஆங்கிலத்தில் பிள்ளைக்குக் கிடைப்பது குறைவு. தாய்மொழியில் நன்றாகப் பேசும் பிள்ளைக்கு அடுத்த மொழி சுலபமாக ஏறும். அப்பா, அம்மா இருவருக்கும் ஆங்கிலம் சரளம் என்றால் பேசலாம், 7ஆம் பதில் அதற்கும் பொருந்தும்.

9. போன்ல ரைம்ஸ் போட்டா அதுவும் பேச்சுதானே? போன் காட்டலன்னா சோறே எறங்கல.

பிள்ளைக்கு அது பேச்சு இல்லை. 2003இல் அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து, பன்னிரண்டு தடவை புத்தகம் காட்டிப் பேசி விளையாடினார்கள். இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, திரையில் மட்டும். நேரில் கேட்ட குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்து அறிந்தன. திரையில் பார்த்தவை எதையும் கற்கவில்லை. காரணம் 4ஆம் பதிலில் இருக்கிறது: போன் காத்திருக்காது, பிள்ளை ‘ங்கா’ என்றால் பதில் சொல்லாது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது இது: ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம், ஒரு வயதுப் பிள்ளைக்கும் தேவையில்லை, இரண்டு முதல் நாலு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது.

சோறு விஷயம் கஷ்டம்தான், தெரியும். திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாள் அழுகையும் குறைந்த சாப்பாடும் இருக்கும். நோய் இல்லாத பிள்ளை பசித்தால் சாப்பிடும். வாசலில் உட்கார்ந்து காக்கா, நாய், பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி என்று காட்டி ஊட்டுங்கள். நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டியது பசப்புவதற்கு மட்டும் இல்லை. விரல் நீட்டி, அங்கே பார், அது நிலா என்று சொல்வது பேச்சுப் பாடத்தின் அடிப்படை. பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்று அதற்கு ஒரு பருவமே வைத்திருக்கிறார்கள்.

ஒன்று மறக்காதீர்கள். பிள்ளை பார்க்காவிட்டாலும் பின்னால் சீரியல் ஓடிக்கொண்டிருந்தால் பெரியவர்களின் பேச்சு தானாகவே குறைந்துபோகும். யாரும் பார்க்காதபோது டிவியை அணைத்துவிடுங்கள்.

10. அவங்க அப்பா மிலிட்டரில இருக்காரு. வீடியோ கால்ல பேசுறதும் கூடாதா?

தாராளமாகப் பேசலாம். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊர்கள் நம் மாவட்டத்தில் உண்டு, இந்தக் கேள்வி அடிக்கடி வரும். வீடியோ கால் வேறு, ஏனென்றால் மறுபக்கம் இருக்கும் ஆள் பதில் சொல்கிறார். நீங்கள் பக்கத்தில் இருந்து, ‘அப்பா சிரிக்கிறாரு பாரு, கை காட்டு’ என்று சேர்ந்துகொள்ளுங்கள். அப்பா நலம் விசாரிப்பதோடு நிறுத்தாமல், கண்ணாமூச்சி காட்டட்டும், தினமும் ஒரே பாட்டைப் பாடட்டும். லீவில் வரும்போது பிள்ளை அந்தக் குரலை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும்.

11. காலைல ஷூ கம்பெனி பஸ் ஏறினா சாயங்காலம்தான் வர்றேன். வீட்ல இருக்கிறவங்க பீடி சுத்துறாங்க. பேச எங்க நேரம்?

தனியாக நேரம் ஒதுக்கச் சொல்லவில்லை. கம்பெனிக்குப் போகிறவர்களுக்குக் காலையில் தலை வாரும் பத்து நிமிடம், மாலையில் வந்ததும் முதல் கால் மணி. அந்தக் கால் மணி பாத்திரமும் துணியும் காத்திருக்கட்டும், போனைப் பையிலேயே விட்டுவிடுங்கள். பகலில் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் இந்தப் பதில்களைப் படித்துக் காட்டுங்கள். பிள்ளைக்கு அம்மாதான் பேச வேண்டும் என்று இல்லை, பிரியமாகப் பேசும் யார் பேசினாலும் சரி.

குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் முறம் மடியில் இருக்கும், இரண்டு கையும் ஓயாது, ஆனால் வாய் சும்மாதான் இருக்கிறது. இலை வெட்டுவதையும் நூல் கட்டுவதையும் சொல்லிக்கொண்டே வேலை பார்க்கலாம். பிள்ளையை மட்டும் புகையிலைத் தூள் படாத தூரத்தில், காற்று வரும் பக்கமாக, உங்கள் முகம் தெரியும்படி உட்கார வையுங்கள். கையைக் கழுவிவிட்டுத் தூக்குங்கள்.

12. கண்ணாடி காட்டினா ஊமையாயிடும்னு மாமியார் சொல்றாங்க. வசம்பு உரசி நாக்குல தடவினா சீக்கிரம் பேசும்னும் சொல்றாங்க.

கண்ணாடியால் எந்தத் தீங்கும் இல்லை. பீரோ கண்ணாடி முன் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, ‘இது யாரு? மூக்கு எங்கே?’ என்று கேட்டால் அதுவே நல்ல விளையாட்டு.

வசம்பு வேண்டாம். பேச்சு மூளையிலும் காதிலும் தொடங்குவது, நாக்கில் தடவுவதால் வராது. வசம்பு கைக்குழந்தைக்கு வாந்தியையும் அதைவிடப் பெரிய தொந்தரவையும் தரலாம். கையில் கட்டும் வசம்பு வளையலையும் பிள்ளை வாயில் வைத்துக் கடிக்கும். ஒரு வயதுக்குள் தேனும் ஆகாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தையின் நரம்பைத் தாக்கும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட இல்லை. மாமியாரிடம் சண்டை போட வேண்டாம். தடுப்பூசி நாளில் அவர்களையும் கூட்டி வாருங்கள், நர்ஸம்மா சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

13. ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும், அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினாராம். விட்டுடலாமா?

ஆண் பிள்ளைகள் பெண் பிள்ளைகளைவிடச் சற்றுப் பின்தங்குவது உண்டு, ஆனால் அந்த வித்தியாசம் ஒன்றிரண்டு மாதம்தான், வருடக் கணக்கில் இல்லை. அப்பா லேட்டாகப் பேசினார் என்பது காத்திருக்கக் காரணம் இல்லை, சீக்கிரம் காட்டுவதற்கே காரணம், ஏனென்றால் பேச்சுத் தாமதம் குடும்ப வழியாக வருவதுண்டு.

குறைமாதப் பிள்ளைக்கு மட்டும் கணக்கு வேறு. எட்டாம் மாதத்தில் பிறந்ததென்றால், இரண்டு வயது வரை அந்தக் குறைந்த மாதங்களைக் கழித்துவிட்டு வயதைப் பாருங்கள்.

14. எப்போதான் டாக்டர்கிட்ட போகணும்?

எந்த வயதிலும், சத்தத்துக்கு அசையவே இல்லை என்றால். ஒரு வயதில் ‘பபப’, ‘மமம’ இல்லை, கை காட்டுவது, டாட்டா சொல்வது, விரல் நீட்டுவது எதுவும் இல்லை என்றால். பதினாறு மாதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை என்றால். இரண்டு வயதில் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லவில்லை என்றால். வந்த பேச்சு நின்றுபோனால், அது எந்த வயதானாலும், அந்த வாரமே.

முதலில் கிராம சுகாதார செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ சொல்லுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வரும் பள்ளிச் சிறார் நலக் குழுவின் டாக்டரும் பார்ப்பார். அந்தக் குழு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

15. காது நல்லாத்தான் கேக்குது. கதவைத் தட்டினா திரும்புறானே?

கதவுச் சத்தத்துக்குத் திரும்புவதை வைத்து முடிவு செய்ய முடியாது. கனத்த சத்தம் கேட்கும், ‘ச’, ‘க’ போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காது என்று காது பாதி மட்டும் கேட்கும் பிள்ளைகள் உண்டு. சில பிள்ளைகள் தரை அதிர்வதை உணர்ந்தும், நிழலைப் பார்த்தும் திரும்புவார்கள். பேச்சு தாமதம் என்றால் முதலில் காதைத்தான் சோதிக்க வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பிள்ளை தூங்கும்போதே செய்யும் சோதனைகள் இருக்கின்றன: ஓஏஇ, பெரா. வலி இல்லை. பிறந்து ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறை உண்டா என்று முடிவு, ஆறு மாதத்துக்குள் காது மெஷின் அல்லது வேறு சிகிச்சை என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. நம் பக்கத்தில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் சிஎம்சியும் இருக்கும்போது இதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. காதுக்குள் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சை தேவைப்படும் சிறு பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது.

சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களின் பிள்ளை, பிறந்ததும் ஐசியுவில் இருந்த பிள்ளை, மஞ்சள் காமாலை கடுமையாக இருந்த பிள்ளை, இவர்கள் எல்லோருக்கும் சந்தேகம் இல்லாவிட்டாலும் காதைச் சோதித்துவிடுங்கள். காது வடிந்தால் எண்ணெய் ஊற்றாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். அடிக்கடி வடியும் காதில் பேச்சு சரியாக விழாது.

16. ரெண்டு வயசாகுது. சொன்னதெல்லாம் செய்றா, செருப்பை எடுத்துட்டு வான்னா எடுத்துட்டு வர்றா. வாயை மட்டும் தெறக்கல.

புரிந்துகொள்கிறாள் என்பது நல்ல அறிகுறி. இப்படிப்பட்ட பிள்ளைகளில் பலர் பிறகு மற்றப் பிள்ளைகளை எட்டிப் பிடித்துவிடுவார்கள். யார் எட்டிப் பிடிப்பார்கள், யார் மாட்டார்கள் என்று நாம் வீட்டில் உட்கார்ந்து சொல்ல முடியாது, அதனால் 14, 15ஆம் பதில்களில் சொன்னபடி காட்டிவிடுங்கள்.

வீட்டில் ஒன்றைக் கவனியுங்கள். அவள் கேட்கும் முன்பே எல்லாம் கைக்கு வந்துவிடுகிறதா? தண்ணீர் டம்ளரைப் பார்த்த உடனே கொடுத்துவிடாமல், கையில் வைத்துக்கொண்டு, ‘தண்ணியா, பாலா?’ என்று கேட்டுக் காத்திருங்கள். ‘த’ என்று வந்தாலும் உடனே கொடுங்கள். சொன்னால்தான் தருவேன் என்று அழவிடாதீர்கள், அது பேச்சைத் தண்டனையாக்கிவிடும். ‘மாமாவுக்கு ரைம்ஸ் சொல்லு’ என்று வருகிறவர்கள் முன் நிறுத்துவதையும் விட்டுவிடுங்கள்.

17. பேர் சொன்னா திரும்பல, கண்ணைப் பாக்கல, தனியா சக்கரத்தையே சுத்திக்கிட்டிருக்கான். ஆட்டிசமா? போன் காட்டினதாலயா?

ஆட்டிசமா இல்லையா என்று நானோ பக்கத்து வீட்டாரோ சொல்லக் கூடாது. குழந்தை வளர்ச்சி பார்க்கும் மருத்துவர் சொல்ல வேண்டும். காதுச் சோதனையும் கூடவே நடக்கும். மாவட்டத்தில் டிஇஐசி என்று அழைக்கப்படும் அரசு மையம் இதற்காகவே இருக்கிறது, பேச்சுப் பயிற்சியும் அங்கே தருவார்கள்.

அம்மா சரியாகப் பேசாததாலோ கொஞ்சாததாலோ ஆட்டிசம் வருவதில்லை. அப்படி ஒரு பழியை ஒரு காலத்தில் மருத்துவர்களே தாய்மார்கள் மேல் போட்டார்கள், அது தவறு என்று எப்போதோ தெரிந்துவிட்டது. போனும் காரணம் இல்லை. ஆனாலும் போனை நிறுத்துங்கள், ஏனென்றால் இந்தப் பிள்ளைக்கு முகம் பார்த்துப் பேசும் நேரம் மற்றவர்களைவிடக் கூடுதலாக வேண்டும். அவன் சக்கரம் சுற்றினால் அதைப் பிடுங்காமல் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து, ‘சுத்து… சுத்து… நில்லு!’ என்று சேர்ந்துகொள்ளுங்கள். அவன் இருக்கும் இடத்திலிருந்துதான் பேச்சு தொடங்கும்.

18. கொயந்த பொறந்ததுல இருந்து எனக்கே யார்கிட்டயும் பேசப் புடிக்கல. இதுகிட்ட எப்படிப் பேசுவேன்?

இதைக் கேட்டவர்கள் எல்லோரும் தலை குனிந்துகொண்டுதான் கேட்டார்கள். குனிய வேண்டாம். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு ஒரு நோய், சிகிச்சையால் சரியாகும். இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மனஸ் சேவைக்குத் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அதுவரை பிள்ளையிடம் பேசும் வேலையை அக்கா, பாட்டி, கணவர் எடுத்துக்கொள்ளட்டும். நீங்கள் மடியில் வைத்துக்கொண்டு ‘ம்’ கொட்டினாலும் இப்போதைக்குப் போதும்.

19. என் பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் காது கேக்காது, பேச்சும் வராது. பேரனுக்கு நல்லா கேக்குது. அவன் எப்படிப் பேசக் கத்துக்குவான்?

உங்கள் மகள் சைகையில் பேசுவதே அவனுக்கு முதல் மொழி. அதைத் தடுக்காதீர்கள், நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். கைக்குழந்தை அழும்போது கண்ணைப் பார்த்து, கையால் கேட்டு, அதன் பதிலுக்குக் காத்திருந்தால் 4ஆம் பதிலில் சொன்னது முழுதாக நடக்கிறது. சைகை பார்த்து வளரும் பிள்ளைகள் கையாலேயே மழலை பேசுவதை 1991இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சைகை தெரிந்தால் வாய்ப்பேச்சு வராது என்பது உண்மை இல்லை.

வாய்ப்பேச்சுக்கு நேரில் பேசும் ஆட்கள் வேண்டும். டிவி போட்டு வைத்தால் கற்றுக்கொள்வான் என்று நினைக்காதீர்கள். காது கேளாத பெற்றோருக்குப் பிறந்து, வாய்ப்பேச்சை முக்கியமாக டிவியில் மட்டுமே கேட்டு வளர்ந்த ஓர் அமெரிக்கச் சிறுவனின் பேச்சு ஒழுங்காக அமையவில்லை. மனிதர்கள் நேரில் பேசத் தொடங்கிய பிறகுதான் சரியானது. தினமும் நீங்களோ தாத்தாவோ சித்தியோ அவனோடு இரண்டு மூன்று மணி நேரமாவது பேசி விளையாடுங்கள், கடைக்குப் போகும்போது இடுப்பில் தூக்கிக்கொண்டு போங்கள், தெருப்பிள்ளைகளோடு விடுங்கள். இரண்டு வயது முடிந்ததும் அங்கன்வாடியில் சேர்த்துவிடலாம். சேர்க்கும் நாளில் அவன் அம்மாவையும் கூட்டி வாருங்கள். அவன் வீட்டில் பயன்படுத்தும் சைகைகளை எங்களுக்கும் காட்டித் தந்தால், முதல் வாரம் அவன் தண்ணீர் கேட்பது எங்களுக்குப் புரியும்.